பரிதிக்குப் புறத்து

ராஜாங்கம் சார் ஒரு பென்டிரைவை
என் மேசையில் வைத்தார்.
அடக்கவிலைக் கணக்கியல், அலகு இரண்டு,
நாற்பத்தெட்டு நிமிடம்.
"எல்லாம் இருக்கும்மா. ஏத்தி விட்டுரு."

எல்லாம் இருந்தது.
போர்டைப் போட்டோ பிடித்த பதினாறு பக்கம்,
ஃபேன் சத்தம்,
"இங்க பாருங்க, இதுல இருந்து இது வரும்" என்று
சுட்டுகிற விரல்.

தேர்வுப் பிரிவுக்கு அடுத்த அறை என்னுடையது.
விடைத்தாள் மூட்டைகளுக்கு நடுவே ஒரு நாற்காலி.
இணையப் பாடங்களைச் சரிசெய்து தருவது வேலை.
சரியில்லை என்று வாத்தியார்களிடம் சொல்வது
அதைவிடப் பெரிய வேலை.

வாதாடவில்லை நான்.
வருகைப் பட்டியலில் சிவந்து கிடந்த
ஒரு பெயரைக் காட்டினேன்.
பாண்டிமீனா, பி.காம் இரண்டாமாண்டு.
ஒன்பது வகுப்பு. ஒன்பதும் ஆப்சென்ட்.
"கூப்பிடு, ஸ்பீக்கர்ல போடு. நானே கேக்குறேன்."

போட்டேன்.
தோட்டத்தில் எடுக்கும் என்று அவள் வாங்கிய கேரளா சிம்
மலையாளத்தில் சொன்னது:
"நிங்ஙள் விளிக்குன்னயாள் இப்போள்
பரிதிக்குப் புறத்தாணு."

அவர்களுக்குப் பரிதி எல்லை.
நமக்குச் சூரியன்.
போடியிலிருந்து விடியுமுன் ஜீப்பில்
பதினெட்டுப் பேராக நெருக்கி
ஏலத்தோட்டத்துக்கு ஏறிப் போகிறவள்
சூரியனுக்கு வெளியே நிற்கிறாள் என்றுதான்
எனக்குக் கேட்டது.
சாருக்கு எப்படிக் கேட்டதோ,
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சாயங்காலம் அவளே கூப்பிட்டாள்,
பின்னணியில் ஜீப் ஹாரன்.
"மெட்டுல இருந்து எறங்குறப்ப
மூணு வளைவுலதான் சார் டவர் வரும்.
வீடியோ சுத்திக்கிட்டே இருக்கும்.
அதுக்குள்ள அடுத்த வளைவு."

நாற்பத்தெட்டை
வளைவுக்கு ஒன்றாக வெட்டினோம்.
நாலு நிமிடம், மூணரை, அஞ்சு.
ஒலியை மட்டும் தனியே பிரித்தோம்,
ஒரு போட்டோவைவிடச் சிறிய எடையில்.

பிறகு மானிட்டரை அணைத்துவிட்டு
சாரின் பாடத்தைச் சாருக்கே போட்டேன்.
தங்கேஸ்வரன் இப்படித்தான் படிக்கிறான்.
அவன் போன் உங்கள் பக்கங்களைப் பார்த்து
பதினாறு முறை 'படம்' என்கிறது, அவ்வளவுதான்.

"இதுல இருந்து இது வரும்" என்றது சாரின் குரல்.
"எதுல இருந்துடா எது?" என்றார் சார்,
தன்னிடமே, கொஞ்சம் கோபமாக.

மறுநாள் காலரில் மைக் குத்திக்கொண்டு
முதலிலிருந்து பேசினார்.
புத்தகத்தில் இருந்த நாற்காலித் தொழிற்சாலையைத் தூக்கிவிட்டு
பச்சை ஏலக்காய் அஞ்சு கிலோ, காய்ந்தால் ஒரு கிலோ,
கூலி இவ்வளவு, ஜீப் வாடகை இவ்வளவு என்று
ஒவ்வொன்றையும் வாய்விட்டு.

காது கேளாத அசாருதீனுக்காக
திரைக்குக் கீழே எழுத்து ஓடவிட்டேன்.
ஏலக்காயை அது 'ஏழைக்காய்' என்று எழுதியது.
அப்படியே விட்டுவிட ஆசை.
திருத்தினேன்.

என் பங்குக்கும் ஒன்று.
ஒப்படைப்புக்குக் கெடு இரவு பதினொன்று ஐம்பத்தொன்பது.
வைத்தது நான்தான்.
மூன்றரைக்கு எழுகிறவளுக்கு அது என்ன நேரம் என்று
எட்டு மாதமாகத் தோன்றவில்லை.
ஞாயிறு முழுவதும் என்று மாற்றினேன்.
ஜீப் ஓடாத நாள்.

அந்த ஞாயிறு பாண்டிமீனா விடையோடு
ஒரு வரி சேர்த்திருந்தாள்:
"சார், ஸ்டோருக்கு விறகுச் செலவை விட்டுட்டீங்க.
அதச் சேத்தா லாபம் இல்ல."

சார் மூன்று முறை கூட்டிப் பார்த்தார்.
மைக்கைக் கேட்டு வாங்கினார்.

வருகைப் பட்டியல் மட்டும் இன்னும் சிவப்பு.
நேரலையில் வந்தால்தான் வந்ததாகும் அந்த மென்பொருளுக்கு.
முதல்வருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன்,
இது மூன்றாவது.
இந்தத் தடவை ராஜாங்கம் சாரின் கையெழுத்தும்
கீழே, பச்சை மையில்.